லூர்துசாமி குடித்திருக்கவில்லை

சென்ற மாதம் இளம் வழக்கறிஞர்கள் நாலைந்து பேர் மைசூர் விஜயநகரில் என் வீட்டுக்கு வந்தார்கள். சட்ட உதவி முகாமுக்காக ஒரு சிறு கையேடு தயாரிக்கிறார்களாம். விபத்தில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்கள் வழக்கமாக என்னென்ன கேட்கும், அவற்றுக்கு என்ன பதில் என்று அதில் இருக்க வேண்டுமாம்.

"மேடம், நீங்க ப்ராக்டீஸ் பூரா இதையேதானே பாத்தீங்க? அடிக்கடி வர்ற கேள்வியா கொஞ்சம் சொல்லுங்க, போதும்" என்றாள் அவர்களில் ஒருத்தி. தமிழ்ப்பெண்தான், ஆனால் கன்னடத்தில் யோசித்துத் தமிழில் பேசுகிறவள்.

சொன்னேன். யார் மனு போடலாம்? மனைவி, குழந்தைகள், தாய். அவரை நம்பி வாழ்ந்த மற்றவர்களும் சில சமயம். போலீஸ் வழக்கு நடக்கும்போதே இதையும் போடலாமா? போடலாம், அது வேறு, இது வேறு. இறந்தவர் மீதும் கொஞ்சம் தவறு இருந்தால்? எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. மனைவி மறுமணம் செய்துகொண்டால் உரிமை போய்விடுமா? இறந்த அன்று யார் அவரை நம்பி இருந்தார்கள் என்பதுதான் கணக்கு. அவர்கள் எழுதிக்கொண்டார்கள், காபி குடித்தார்கள், நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

போன பிறகு எனக்கு ஒரு குறை தங்கிவிட்டது. கேள்விகள் இப்படி வரிசையில் வருவதில்லை. ஒரு கேள்வியைக் கேட்க வந்தவர்கள் வேறொன்றைக் கேட்பார்கள். கையேட்டில் சேராத அந்தப் பகுதியை இங்கே எழுதிவைக்கிறேன்.

என் அப்பா மைசூரில் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். நான் பிறந்து வளர்ந்து படித்ததெல்லாம் இங்கேதான். சட்டம் முடித்த பிறகு சில காலம் ஒரு சிவில் வக்கீலிடம் வாய்தா வாங்கும் வேலை பார்த்தேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ருத்ரப்பா சாரிடம் சேர்ந்தேன். விபத்து வழக்குகளும் தொழிலாளர் நஷ்டஈட்டு மனுக்களும்தான் அவருடைய தொழில். கொள்ளேகாலுக்கு அப்பால் மார்ட்டள்ளி, ஹனூர் பக்கத்திலிருந்து வரும் தமிழ்க் குடும்பங்களிடம் பேச அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அவருக்குத் தமிழ் புரியும், பேச வராது. பேச முயன்றால் வந்தவர்கள் துக்கத்தை மறந்து சிரித்துவிடுவார்கள் என்று அவரே சொல்வார்.

ஆபீஸ் தேவராஜ மொஹல்லாவில், பாத்திரக்கடை ஒன்றின் மாடியில் இருந்தது. கீழே நாள் முழுவதும் பித்தளையின் சத்தம். குடும்பத்தார் வந்தால் சார் முதலில் எழுந்துபோய் மார்க்கெட் பக்கத்து ஜன்னலைச் சாத்துவார். பிறகு தன் நாற்காலிக்குத் திரும்ப மாட்டார். சுவரோரம் கிடந்த பெஞ்சில் வந்தவர்களுடன் உட்கார்ந்துகொள்வார். மேஜைக்குப் பின்னால் அவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுத வேண்டியவள் நான். முதல் நாள் நான் நாற்காலியின் பக்கத்தில் நின்றுகொண்டே எழுதப் பார்த்தேன். "அது வெறும் நாற்காலி. பேனா அங்கேதான் இருக்கிறது" என்றார்.

அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "பெளிகெயிந்த ஷுரு மாடி." காலையிலிருந்து ஆரம்பியுங்கள். எப்படி இறந்தார் என்று கேட்க மாட்டார். அன்று காலை என்ன நடந்தது என்றுதான் கேட்பார். இது அவருடைய மென்மை என்று முதலில் நினைத்தேன். மென்மைதான், ஆனால் அதில் தொழிலும் இருந்தது. காலையிலிருந்து சொல்ல ஆரம்பித்தால் யார் வந்து கூப்பிட்டார்கள், யாருடைய வண்டியில் போனார், என்ன வேலைக்குப் போனார் என்பதெல்லாம் தானாக வந்துவிடும். விபத்திலிருந்து ஆரம்பித்தால் அழுகை மட்டும்தான் வரும்.

விதவையிடம் கேட்டதற்கு மைத்துனனோ சித்தப்பாவோ பதில் சொன்னால், அவரை மரியாதையாக அழைத்துக் கீழே போய்க் காபி சொல்லிவிட்டு வரச் சொல்வார். காபி வருவதற்குள் அந்தப் பெண் பேசி முடித்திருப்பாள். பதில் சொல்லும்போது கெட்ட செய்தியை முதலில் சொல்வார். "வருஷக்கணக்கில் ஆகும். நடுவில் உங்களுக்கே வெறுத்துப்போகும். இதைக் கேட்டுவிட்டும் போடலாம் என்றால் போடலாம்." பக்கத்துக் கட்டடத்து வக்கீல்கள் ஆறே மாதம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. சிலர் எழுந்து அங்கே போனார்கள். சார் அவர்களுக்கும் மாடிப்படியில் விளக்கைப் போடச் சொல்வார்.

அவரிடம் நான் பார்த்த முதல் பெரிய வழக்கு வெங்கடேசன் என்பவருடையது. இதே விஜயநகரில் குடியிருந்த அரசு ஊழியர். காய்கறி வாங்கப் போன அவர் மனைவி மீது லாரி மோதிவிட்டது. அவர் கேட்க வந்தது, "சார், அவ வேலைக்குப் போகலையே, சம்பளமே இல்லாதவங்களுக்கு நஷ்டஈடு உண்டா?" என்பது.

"உண்டு. அவங்க வீட்டில் என்ன செய்தாங்கன்னு சொல்லுங்க" என்று என்னைக் கேட்கச் சொன்னார் சார்.

"சமையல். அப்புறம்... வீட்டுவேலைதான், எல்லாரும் செய்யறதுதான்."

"காலையிலிருந்து சொல்லுங்க."

"நான் எழுந்திருக்கும்போது காபி ரெடியா இருக்கும்" என்றார். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் ஆபீசுக்குக் கிளம்பிய பிறகு நடந்ததும் தெரியவில்லை. சார் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. லீவு போட்டுவிட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டு, பிறகு வரச் சொன்னார்.

திரும்பி வந்தவர் இளைத்திருந்தார். படுத்த படுக்கையாக இருந்த தன் அப்பாவை ராத்திரியில் எத்தனை முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டியிருக்கிறது, தண்ணீர் எந்த நேரத்தில் வருகிறது, பெண்பிள்ளைக்குத் தலைவாரிப் பின்னுவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருக்கிறது என்றெல்லாம் நிறுத்தாமல் சொன்னார். விபத்து வழக்குகளுக்கான ட்ரிப்யூனலில் லாரியின் இன்ஷூரன்ஸ் வக்கீல் அவரைக் குறுக்கு விசாரணை செய்தபோது, "உங்க மனைவி சும்மா வீட்டில்தானே இருந்தாங்க?" என்று கேட்டார்.

வெங்கடேசன் அவர் பக்கம் திரும்பினார். "நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன் சார்" என்றார்.

அந்த வக்கீல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நீதிபதி போகவில்லை. பேனாவை வைத்துவிட்டு, "மேலே சொல்லுங்கள்" என்றார். தீர்ப்பில் அந்தப் பெண்மணியின் உழைப்புக்கு ஒரு மதிப்பு போடப்பட்டது. அன்று வழக்கமாகப் போட்டதைவிட அது நியாயமாக இருந்தது.

இனி ஆரோக்கியமேரியின் வழக்கு. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது அதுதான்.

மேரி மார்ட்டள்ளிக்காரி. கணவன் லூர்துசாமி கொத்தனார். விஜயநகரில் அப்போது வரிசையாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஒரு கட்டடக் கம்பெனி கட்டிய மாடிவீட்டில் பூச்சுவேலை செய்துகொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்து அவன் இறந்துபோனான். கிறிஸ்துமஸ் நெருங்கிய சமயம். இரண்டு சின்னக் குழந்தைகள். ஈஸ்டருக்கு முன்பாக மேரியும் அவள் மாமியார் சவரியம்மாளும் கொள்ளேகால் பஸ்ஸில் ஏறி எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள்.

சார் ஜன்னலைச் சாத்தினார். பெஞ்சில் உட்கார்ந்தார். மேரியிடம் கேட்டதற்கெல்லாம் சவரியம்மாள்தான் பதில் சொன்னாள். மகன் எப்போது வேலைக்கு வந்தான், எங்கே தங்கினான், இறந்த பிறகு தங்களை என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று கோவையாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நிறுத்தி மருமகளைப் பார்த்தாள்.

"யார் கூட்டிட்டு வந்தாங்க உங்க மகனை?" என்று கேட்டேன்.

"அதை அவளைக் கேளுங்க" என்றாள் கிழவி.

சார் எழுந்து சவரியம்மாளைத் தானே கீழே அழைத்துப் போனார். பெண்களைக் காபிக்கு அனுப்பும் வழக்கம் அதுவரை இல்லை. நானும் மேரியும் மட்டும் இருந்தோம். அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள்.

"என்ற அண்ணன்தானுங்க கூட்டியாந்தாரு. அந்தோணி மேஸ்திரி. எங்க ஊரு ஆளுக பூரா அவருகிட்டத்தான் வேலை. கம்பெனிக்காரங்க அவருகிட்ட வேலையைக் குடுப்பாங்க, அவரு ஆளுகளை வெச்சுச் செய்வாரு. அவரு மேல நான் கேஸ் போட மாட்டேனுங்க. அத்தை கூப்பிட்டாங்கன்னு வந்தேன்."

"சரி" என்றேன்.

"போட்டா அண்ணனைப் பிடிச்சு உள்ள வெச்சிருவாங்களா?"

"இல்லைம்மா. நாம போறது லேபர் ஆபீசுக்கு. அங்கே யாரையும் ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. வேலையில இருக்கும்போது செத்துட்டார், அவர் குடும்பத்துக்கு ஈடு குடுங்கன்னு கேக்கிற எடம் அது. உங்க அண்ணனுக்கு மேலே கம்பெனி இருக்கு. மொதல்ல பொறுப்பு அவங்களோடதுன்னுதான் நாம கேப்போம்."

"அண்ணன் எங்களைப் பாத்துக்கறேன்னு சொல்லிப்போட்டாருங்க. வீட்டுக்குள்ளயே பேசி முடிச்சுக்கறது ஆகாதுங்களா?"

இந்தக் கேள்வி எல்லாக் குடும்பத்திலும் வரும். பதில் தெளிவானது. வேலையில் ஒருவர் இறந்தால் முதலாளி ஈட்டுத் தொகையை லேபர் ஆபீஸ் அதிகாரியிடம் கட்ட வேண்டும். அவர்தான் மனைவிக்கும் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுப்பார். வெளியே பேசிக்கொண்டு கொஞ்சம் கொடுத்துவிட்டு, இனி ஒன்றும் கேட்க மாட்டோம் என்று கையெழுத்து வாங்கினால் அது சட்டத்தின் முன் நிற்காது. விதவையின் பலவீனத்தை அறிந்து எழுதிய சட்டம் அது. இதையெல்லாம் சொன்னேன்.

மேரி கேட்டுக்கொண்டாள். "அண்ணன் ஏமாத்த மாட்டாருங்க" என்றாள்.

சார் திரும்பி வந்தார். நான் கன்னடத்தில் சொன்னதைக் கேட்டுவிட்டு, சவரியம்மாள் மனு போடலாம் என்றார். விதவைத் தாய்க்கு அந்த உரிமை தனியாகவே உண்டு. ஆனால் மேரியின் பெயரையும் குழந்தைகளின் பெயரையும் அதில் சேர்த்தே ஆக வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு அவர்களுக்குச் சேர வேண்டியது சேராது.

மேரி மாமியாரைப் பார்த்தாள். இருவரும் ஒரே வீட்டில் இருப்பவர்கள், ஒரே அடுப்பில் சமைப்பவர்கள். "பேரைப் போட்டுக்கங்க. அண்ணனுக்கு எதிரா என்னைப் பேசச் சொல்லாதீங்க" என்றாள். சார் தலையசைத்தார். மனு தாக்கலானது.

எங்களுக்கு இருந்த சிக்கல் சாட்சி. லூர்துசாமி அங்கே வேலை செய்தான் என்பதற்குக் காகிதம் எதுவும் கிடையாது. கூலிக்காரனுக்கு யார் காகிதம் கொடுக்கிறார்கள்? காகிதம் இல்லாவிட்டால் கேஸ் இல்லையா என்று குடும்பங்கள் கேட்கும். பார்த்தவர்கள் வந்து சொன்னால் போதும். ஆனால் பார்த்தவர்கள் எல்லோரும் மேஸ்திரியின் ஆட்கள். நானே அவன் விழுந்த அந்த மாடிவீட்டுக்குப் போய்ச் சாந்து சுமக்கும் பெண்களிடமும் கம்பி கட்டுகிறவர்களிடமும் பேசினேன். தண்ணீர் கொடுத்தார்கள். உட்காரச் சொன்னார்கள். லூர்துசாமி நல்ல மனிதன் என்றார்கள். லேபர் ஆபீசுக்கு வர முடியுமா என்று கேட்டதும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை வந்துவிட்டது.

எதிர்த்தரப்பின் பதில் மனு வந்தது. கம்பெனிக்கும் மேஸ்திரிக்கும் ஒரே வக்கீல். சார் அதைக் கவனித்து, "பார், ஆட்டுக்கும் ஓநாய்க்கும் ஒரே மேய்ப்பன்" என்று கன்னடத்தில் சொன்னார். பதில் ஆங்கிலத்தில் இருந்தது. அதை மேரிக்கும் சவரியம்மாளுக்கும் தமிழில் படித்துச் சொல்ல வேண்டியது என் வேலை. சாருக்கு இதில் ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு வரியையும் விடக்கூடாது, ஒரு சொல்லையும் மெதுவாக்கக்கூடாது. அவர்கள் வாழ்க்கையைப் பற்றி எழுதப்பட்டிருப்பதை அவர்களுக்குத் தெரியாமல் நாம் வைத்துக்கொள்ளக்கூடாது என்பார்.

படித்தேன். லூர்துசாமி அங்கே வேலைக்கு இருக்கவில்லை. மேஸ்திரியின் தங்கை கணவர் என்ற முறையில் விருந்தாளியாக வந்து தங்கியிருந்தார். சம்பவத்தன்று குடிபோதையில், யாரும் சொல்லாமலே சாரத்தில் ஏறி விழுந்தார்.

சவரியம்மாள் அழ ஆரம்பித்தாள். மேரி அழவில்லை.

"என்ன சொன்னீங்க? இன்னொருக்காச் சொல்லுங்க."

மறுபடி படித்தேன்.

"இது அண்ணன் சொன்னதா?"

"அவர் சொன்னதா எழுதியிருக்கு. கையெழுத்தும் இருக்கு."

பார்க்கக் கேட்டாள். காட்டினேன். தமிழில் கோணல்மாணலாக ஒரு அந்தோணிசாமி. அவள் அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். "அண்ணன் கையெழுத்துத்தானுங்க" என்றாள். பிறகு, "அவரு பீடிகூடப் பிடிச்சதில்லீங்க. எங்கண்ணனுக்கே தெரியும்" என்றாள்.

சார் ஒரு விஷயத்தை விளக்கச் சொன்னார். காயம் பட்டவர் குடித்திருந்தார் என்று காட்டினால் முதலாளி சில சமயம் தப்பிக்கலாம். ஆனால் ஆள் இறந்துவிட்டால் அந்த வாதம் எடுபடாது. குடித்திருந்தாலும் ஈடு கொடுத்தே ஆக வேண்டும். ஆகவே அந்த வரியால் எதிர்த்தரப்புக்குச் சட்டப்படி ஒரு லாபமும் இல்லை, நமக்கு நஷ்டமும் இல்லை, கவலைப்பட வேண்டாம்.

"ஆகாததுன்னா எதுக்கு எழுதினாங்க?" என்று கேட்டாள் மேரி.

நான் சாரைப் பார்த்தேன். எல்லாக் கேள்விக்கும் உடனே பதில் சொல்கிறவர், காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி அந்த வரியை மறுபடி படித்தார். பிறகு, "எழுதினவரையே கேட்போம் என்று சொல்லு" என்றார்.

மேரி எழுந்தாள். "நானும் பேசறேனுங்க. எங்க வந்து பேசணும்னு சொல்லுங்க" என்றாள்.

லேபர் ஆபீஸ் சினிமாவில் காட்டும் கோர்ட் மாதிரி இருக்காது. ஒரு சாதாரண அறை. அதிகாரியின் மேஜை, டைப்பிஸ்ட், சாட்சிக்கு ஒரு மர நாற்காலி. கூண்டு கிடையாது. சாட்சிக்கும் அவர் யாருக்கு எதிராகப் பேசுகிறாரோ அவருக்கும் நடுவே சில சமயம் கையெட்டும் தூரம்தான் இருக்கும். அன்று அந்தோணி மேஸ்திரி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பெரிய உடம்பு, வெள்ளைச் சட்டை, சிமெண்ட் அரித்த விரல்கள். தங்கை பக்கம் அவர் திரும்பவே இல்லை.

ருத்ரப்பா சார் குறுக்கு விசாரணையில் குரலை உயர்த்தியதை நான் பார்த்ததில்லை. சாட்சியை அவமானப்படுத்தினால் அவர் தன் பொய்யைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார் என்பது அவர் கணக்கு. கன்னடத்தில், பன்மையில், மரியாதையாகக் கேட்டார். நான் தமிழில் தருகிறேன்.

"லூர்துசாமிக்குக் கொத்துக்கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது யார்?"

"நான்தான்."

"நல்ல வேலைக்காரரா?"

"பூச்சு வேலையில அவரை மாதிரி ஆள் எங்ககிட்ட இல்லை."

"அவர் உங்களிடம் விருந்துக்கு வந்தார். எப்போது வந்தார்?"

மேஸ்திரி யோசித்தார். "ஈஸ்டர் கழிஞ்சு."

"இறந்தது கிறிஸ்துமஸ் சமயம். அத்தனை காலமும் விருந்தாளியாகவே இருந்தாரா?"

அதிகாரி குனிந்து எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். மேஸ்திரியின் வக்கீல் எழுந்து ஏதோ ஆட்சேபித்தார். சார் உட்காரவும் இல்லை, வாதாடவும் இல்லை. அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததைக் கேட்டார்.

"அன்று சாரத்தில் ஏறும்போது அவர் குடித்திருந்தாரா?"

"யாரு சொன்னது?"

"நீங்கள்தான். உங்கள் பதிலில் இருக்கிறது."

மேஸ்திரி தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். அப்போதுதான் மேஸ்திரி முதல்முறையாகத் தங்கையின் பக்கம் திரும்பினார். மேரி கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவர் பேசியது தமிழில். அதிகாரி கொள்ளேகால்காரர். அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"வேலைக்கு இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். இல்லைன்னா ஜெயிலுக்குப் போகணும்னாங்க. பயந்துட்டேன், அது வாஸ்தவம். குடிச்சாருன்னு நான் சொல்லலீங்க. மாதா சத்தியமா சொல்லலை. மேரி, நான் சொல்லலை சாமி."

"சாட்சி என்னைப் பார்த்துச் சொல்லட்டும்" என்றார் அதிகாரி, கடுமையில்லாமல்.

"சொல்றேனுங்க. சாரம் கட்டினது நான். கவுறு நைஞ்சுபோச்சு, வேற கவுறு வேணும்னு கம்பெனி சூப்பர்வைசர்கிட்டக் கேட்டேன். இன்னிக்கு ஒரு நாள் ஓட்டு, நாளைக்கு வருதுன்னாரு. மேல ஏறுங்கன்னு மாப்பிள்ளையை ஏத்துனது நான்தான். அவரு விருந்தாளி இல்லீங்க. என்ற வேலையாளு."

டைப்பிஸ்ட் அதை அடித்து முடித்தார். சார், "வேறு கேள்வி இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கயிறு பற்றி எங்களுக்கு அதுவரை தெரியாது. நாங்கள் அதைக் கேட்கவே இல்லை.

அதற்கடுத்த வாய்தாவில் கம்பெனியின் வக்கீல் வராந்தாவில் சாரிடம் வந்தார். கேட்டதை முழுதாகக் கட்டிவிடுகிறோம், மனுவை இத்தோடு முடித்துக்கொள்ளலாம், மேலே விசாரணை வேண்டாம் என்றார். கயிற்றின் கதை, இந்தச் சாவுக்காகத் தனியாக நடந்துகொண்டிருந்த போலீஸ் வழக்குக்குப் போய்ச் சேர்வதை அவர்கள் விரும்பவில்லை என்பது தெரிந்ததுதான். சார் இரண்டு பெண்களிடமும் வந்து வழக்கம்போலக் கெட்டதை முதலில் சொன்னார். ஒப்புக்கொள்ளாவிட்டால் அவர்கள் ஹைகோர்ட்டுக்குப் போவார்கள், இன்னும் சில வருஷங்கள் ஓடும். ஒப்புக்கொள்வதுதான் நல்லது என்பது தன் அபிப்பிராயம். இதனால் போலீஸ் வழக்கு நின்றுவிடாது.

"ஒத்துக்கலாம்" என்றாள் சவரியம்மாள். "பிள்ளைகளைப் படிக்க வெக்கணும்."

மேரி என்னிடம் கேட்டாள். "அந்தக் காயிதம் என்ன ஆகுமுங்க? குடிச்சாருன்னு எழுதினது?"

"கேஸ் கட்டோட இருக்கும். யாரும் அதைப் பாக்கப்போறதில்லை."

"பிள்ளைக படிச்சிட்டு வந்து கேட்டா எடுத்துக் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

"அப்ப அதை எடுத்துப்போடச் சொல்லுங்க. இல்லைன்னா எனக்கு வேண்டாம்."

"மேரி, வயித்துப் பாட்டைப் பாரு" என்றாள் மாமியார்.

"பாத்துத்தான் அத்தை சொல்றேன். உங்க மகன் பேரு அது. நாளைக்கு இதுக ரெண்டும் வளந்து, எங்கப்பன் குடிச்சுட்டு விழுந்தான்னு படிக்கணுமா?"

சவரியம்மாள் மருமகளின் தோளைத் தொட்டாள். பிறகு சாரைப் பார்த்து, "அவ சொல்றாப்பல செய்யுங்க சாமி" என்றாள்.

தேவையில்லாத எதையும் கேட்டு ஒரு அதிகாரியின் நேரத்தை வீணாக்கக்கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சார். சட்டப்படி செத்துப்போன ஒரு வரிக்காக அவர் வராந்தாவில் அந்த வக்கீலோடு பேசியதைப் போல வேறெதற்கும் பேசி நான் பார்த்ததில்லை. அந்த வக்கீல் அன்று மறுத்துவிட்டார். வாபஸ் வாங்கினால் பொய் எழுதினேன் என்று ஆகிவிடும் என்றார். சார், "ஆமாம், ஆகும்" என்றார். வாய்தா தள்ளிப்போனது. மேரி வெறும் கையோடு ஊருக்குப் பஸ் ஏறினாள். அடுத்த வாய்தாவில், அந்தக் குற்றச்சாட்டை வாபஸ் பெறுகிறோம் என்று எழுத்தில் கொடுத்தார்கள். அதிகாரி தன் உத்தரவிலும் அதைச் சேர்த்தார். இறந்தவர் வேலையிலிருந்தபோது இறந்தார். அவர் குடித்திருந்தார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

உத்தரவு நகல் வந்ததும் தொகையைப் பற்றி இரண்டு பேரும் கேட்கவில்லை. அந்த வரியைத் தமிழில் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். சவரியம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள்.

குழந்தைகளின் பங்கு அவர்கள் பெரியவர்களாகும் வரை வங்கியில் போடப்பட்டது. மேரி கொள்ளேகாலில் ஒரு நர்சிங்ஹோமில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். மேஸ்திரிக்கு அந்தக் கம்பெனியில் வேலை போயிற்று. மற்ற கம்பெனிகளும் கொடுக்கவில்லை. அவரிடம் இருந்த ஆட்கள் வேறு மேஸ்திரிகளிடம் போய்விட்டார்கள். அவர் தனி ஆளாகக் கரண்டி பிடித்துக் கூலிவேலை பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். மேரி அவரோடு பேசுகிறாளா என்று ஒருமுறை சவரியம்மாளிடம் கேட்டேன். "அவரு பூசைக்கு வந்தா பிள்ளைகளை அவருகிட்ட அனுப்புவா. அவ போக மாட்டா" என்றாள்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். ருத்ரப்பா சார் உடம்பு முடியாமல் வீட்டோடு இருந்தார். பாத்திரக்கடை மாடியில் நான் மட்டும். ஒருநாள் மேரி வந்தாள். கூடவே தலைமுடி கலைந்த ஒரு இளம்பெண். புருஷன் குவாரியில் கல் சரிந்து இறந்திருந்தான். நான் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். அந்தப் பெண் மேரியின் கையை விடாமல் உட்கார்ந்தாள்.

"கேளு புள்ளை" என்றாள் மேரி. "கேக்கறதுக்கு வெக்கப்படாதே. நான் கேக்காததையா நீ கேக்கப்போறே?"

"கோர்ட்டுக்குப் போனா ஊரு என்ன சொல்லும்?" என்றாள் அவள்.

"ஊரு ரெண்டு நாளைக்குச் சொல்லும்" என்றாள் மேரி, நான் வாயைத் திறக்கும் முன்பே. "அப்புறம் அவங்க வீட்டுல எழவு விழுந்தா உன்னையத்தான் வந்து கேக்கும்."

"சாட்சிக்கு யாருக்கா வருவா? எல்லாரும் அங்கதான் கல்லு ஒடைக்கறாங்க. வேலை போயிருமுன்னு பயப்படறாங்க."

மேரி வாசல் பக்கம் பார்த்தாள். மாடிப்படியின் மேல் படியில், உள்ளே வராமல், அவர்கள் பின்னாலேயே வந்திருந்த அந்தோணி மேஸ்திரி நின்றிருந்தார். மெலிந்திருந்தார். கையில் செருப்பு. பூச்சு வேலையும் கிடைக்காமல் போய், கடைசியில் அவரும் அதே குவாரியில்தான் கல்லுடைத்துக்கொண்டிருந்தாராம்.

"நான் பாத்தேனுங்க" என்றார். "அந்தப் பையன் பக்கத்துல நின்னு வேலை பாத்தவன் நான். வந்து சொல்றேன்."

"உள்ளே வாங்க மேஸ்திரி" என்றேன். அவர் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். சாரைப் போலவே கெட்டதை அவரிடம் முதலில் சொன்னேன். "யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்கு வேலை போயிடும்."

"ஒருக்காப் போனதுதானுங்களே" என்றார் அந்தோணி மேஸ்திரி. "எழுதிக்கங்க."